இரண்டிலிருந்து எண்ணுகிறவர்கள்

எங்கள் வீட்டில் ஆட்களை எண்ணும்போது இரண்டிலிருந்து தொடங்குவோம். வண்டியில் ஏறும் பிள்ளைகளானாலும் சரி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகளானாலும் சரி, முதல் தலையைத் தொட்டதும் "ரெண்டு" என்போம். பர்னெல் வீட்டாருக்கு எண்ணத் தெரியாது என்று எங்கள் ஊரான ஏலிமில் ஒரு பழைய கிண்டல் உண்டு. அதற்கு நாங்கள் பதில் சொன்னதில்லை. காரணம் கேட்கும் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும், "ஒண்ணு கர்த்தர். அவர் முன்னால நடக்கிறார்" என்று சொல்லிக்கொடுப்போம்.

இந்த வழக்கம் என் தாயார் ஹல்டா பர்னெலிடமிருந்து வந்தது. அவர் மேரிலாந்தில் நான்டிகோக் ஆற்றங்கரையில் அடிமையாகப் பிறந்தவர். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பதில் தப்பி, எல்லை தாண்டி, இந்தக் கனடா மண்ணுக்கு வந்தார். வந்தவர் இருந்துவிடவில்லை. ஐந்து முறை திரும்பிப் போய் முப்பது பேருக்கு மேல் அழைத்து வந்தார். சதுப்பு நிலத்து இருட்டில் முகம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார். ஒரு தலை குறைந்தாலும் அடி எடுத்து வைக்கமாட்டார். எங்கள் போதகர் ஒருவர் அவரிடமே கேட்டார்: "அந்த ஒண்ணு கர்த்தர்தானே, சிஸ்டர் ஹல்டா?" அம்மா, "அப்படியும் வெச்சுக்கலாம்" என்றார். நாங்கள் அப்படியே வைத்துக்கொண்டோம்.

அம்மா இறந்து இருபத்து நான்கு வருடம் கழித்து, சபையார் அவருக்கு ஒரு கல் வைக்கத் தீர்மானித்தார்கள். ஆகஸ்ட் முதல் தேதி, இங்கே அடிமைமுறை ஒழிந்த விடுதலை நாளன்று திறப்பு. கல்லில் என்ன எழுதுவது என்பதை என்னிடம் விட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தேன்: "ஹல்டா பர்னெல். ஐந்து முறை திரும்பிப் போனவர். ஒருவரையும் விட்டுவந்ததில்லை." கடைசி வரி அம்மாவின் சொந்த வாக்கு. நிறைந்த சபையில் எழுந்து நின்று அவர் சொன்னது. அதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

"யாரு கூடப்போயி பார்த்தா?" என்று கேட்டாள் சிஸ்டர் கேஸ்கின். கேஸ்கின் வீட்டாரும் அதே ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்கள். அம்மா அழைத்து வராமல் தாமாகவே வந்தவர்கள். அந்த வித்தியாசத்தை மூன்று தலைமுறையாக அவர்கள் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

திறப்புக்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை மத்தியானம், தபால் வண்டியிலிருந்து ஒரு பெண்மணி எங்கள் வாசலில் இறங்கினாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சாம்பல் நிறத் தொப்பி. அந்த வெயிலிலும் கையுறை. கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டி.

"மிஸ்டர் ஷேட்ராக் பர்னெலா?"

மிஸ்டர் என்று சொன்னதால் உள்ளே வரச் சொன்னேன். எனக்கு எழுபத்தொரு வயது. டவுனில் இருக்கும் வெள்ளைக்காரக் கடைக்காரர்களுக்கு என்னை மிஸ்டர் என்று கூப்பிட நாக்கு வராது. நரைத்த தலையைப் பார்த்து வெறும் பெயர் சொல்லவும் கூச்சம். ஆகவே "மாமா" என்பார்கள். மரியாதை போலத் தோற்றம் காட்டி மரியாதையைப் பறித்துக்கொள்ளும் சொல் அது. அப்படிக் கூப்பிட்ட கடையில் மறுமுறை நான் உப்புகூட வாங்கியதில்லை. என் வீட்டிலும் யாரும் என்னை அப்படிக் கூப்பிட விட்டதில்லை.

வந்தவள் தன் பெயர் லவினியா டாஷீல் என்றாள். பால்டிமோரில் நம்மவர் நடத்தும் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு துண்டை மேசைமேல் வைத்தாள். கல் திறப்பு பற்றிய செய்தி. கடைசி வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது.

கோட்டைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மா பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவன் அவர் படத்தை அச்சடித்துச் சந்தையில் விற்றான். இன்னொருவன் அவர் சுருட்டுப் பிடித்தார், துப்பாக்கி முனையில் ஆட்களை நடத்தினார் என்று எழுதினான். யாரும் கோடு போட்டுக்கொண்டு சும்மா வருவதில்லை.

இருந்தாலும் தெற்கேயிருந்து வருகிறவருக்கு முதலில் சாப்பாடு, பிறகுதான் கேள்வி. அது அம்மா வைத்த சட்டம். என் மகள் செலினா பொரித்த கோழியும் சோள ரொட்டியும் எடுத்து வைத்தாள். பிறகு பட்டாணிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உரிப்பதுபோல உட்கார்ந்தாள். அவள் காது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்நியரைச் சோதிக்க அம்மா எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். கேள்விக்குள் ஒரு பொய்யை வைக்கவேண்டும். வேவு பார்க்க வந்தவன் பொய்க்கும் தலையாட்டுவான்.

"நான்டிகோக் பக்கமா? ஆத்து வளைவுல வெள்ளையடிச்ச கோயில் ஒண்ணு இருக்குமே, மணிக்கூண்டோட. அது இன்னும் நல்லா இருக்கா?"

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். "வளைவுலயா? அங்க எப்பவும் சதுப்புதான். கோயில் கட்டினா அடுத்த ஞாயிறு தவளைதான் பிரசங்கம் பண்ணும்."

செலினா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"அம்மா சதுப்பு முயல் கறியைப் பத்திச் சொல்லிட்டே இருப்பாங்க. காது மட்டும் இவ்ளோ நீளம்னு."

"ஐயா, என்னைச் சோதிக்கிறீங்க." அவள் கையுறையை எடுத்து மடித்து மடியில் வைத்தாள். "சதுப்பு முயல்ங்கறது தண்ணியெலி. எலின்னு சொன்னா விருந்தாளி சாப்பிடமாட்டான்னு வெச்ச பேரு. அதுக்குக் காது இருக்கான்னு தேடித்தான் பாக்கணும்."

இரண்டுக்கும் சரியான பதில். என் சந்தேகம் இரட்டித்தது. இவ்வளவு சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். அதே ஆற்றங்கரைக்காரர்கள் இரண்டு மைல் தள்ளித்தானே இருக்கிறார்கள்.

"கேஸ்கின் அனுப்பினாங்களா?"

"கேஸ்கின்னா என்ன? ஊரா, ஆளா?"

"ரெண்டும் இல்ல, அது ஒரு வியாதி" என்றாள் செலினா.

"நீ பட்டாணியைப் பாரு." வந்தவள் பக்கம் திரும்பினேன். "சொல்லுங்க. என்ன வேணும்?"

"எனக்கு எதுவும் வேணாம். அந்தக் கல்லுல கடைசி வரி உண்மையில்ல. துணியைத் திறக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு வந்தேன். அவங்க ஒருத்தியை விட்டுட்டு வந்தாங்க. எங்கம்மாவை."

என் வீட்டில், என் மேசையில், என் ரொட்டியைத் தின்றுகொண்டு. நான் எழுந்து கதவைக் காட்டியிருக்க வேண்டும். அவள் தட்டு பாதிதான் காலியாகியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை எழுப்பி வெளியே அனுப்பும் வீடு இது என்று ஒரு பேச்சு வரக்கூடாது. அதனால் நின்றபடியே கேட்டேன்.

"எங்கம்மா பேரு ரோடா. அப்ப மூணு வயசு. ஹல்டா பெத்த மூத்த பொண்ணு. நீங்கல்லாம் பொறக்கறதுக்கு முன்னாடி. அந்த வருஷம் குழந்தைக்குக் கக்குவான் இருமல். ஏழு பேர் சோளப் பட்டடைக்குப் பின்னாடி கிளம்பத் தயாரா நிக்கிறாங்க. குழந்தை ஒரு தரம் இருமினா ஏழு பேர் முதுகும் போச்சு. ஜூடித்னு ஒரு கிழவி, அவகிட்ட ஒப்படைச்சாங்க."

"எங்க அம்மாவுக்கு எனக்கு முன்னாடி பிள்ளை கிடையாது."

"உங்ககிட்ட சொல்லல. அவ்வளவுதான்."

"அப்படி ஒரு பொண்ணு இருந்தா திரும்பிப் போனப்ப கூட்டிட்டு வந்திருப்பாங்கல்ல? அஞ்சு தடவை போனாங்களே."

"எதுக்குப் போனாங்கன்னு நெனைக்கிறீங்க?" அவள் குரல் உயரவில்லை. "முதல் தடவை வரும்போதே குழந்தை அங்க இல்ல. எஜமானியோட மகளுக்குக் கல்யாணச் சீதனமா அனுப்பிட்டாங்க. பால்டிமோருக்கு. விடுதலைக்கப்புறம் எங்கம்மா அந்த ஆத்தங்கரைக்கே திரும்பி வந்தப்ப ஜூடித் கிழவி சொல்லுவாளாம், ஒவ்வொரு தடவையும் ஹல்டா வந்து முதல்ல கேட்டது ரோடா எங்கன்னுதான். அது கிடைக்கல. வெறுங்கையோட திரும்ப மனசில்லாம, அங்க கிளம்பத் தயாரா இருந்தவங்களைக் கூட்டிட்டுப் போவாங்களாம்."

"எங்க அம்மா போனது ஜனங்களுக்காக!"

"ஜனங்க வந்தாங்க. அதை யார் இல்லைன்னா?"

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். செலினா உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"எங்கம்மாவுக்கு அவங்க முகம் ஞாபகம் இல்ல" என்றாள் லவினியா. "கை மட்டும் ஞாபகம் இருந்துச்சு. கிளம்பும்போது குனிஞ்சு, குழந்தை தலையில கையை வெச்சு, 'ஒண்ணு'ன்னாங்களாம். அப்புறம் நிமிர்ந்து நின்னவங்களைத் தொட்டு ரெண்டு, மூணு, நாலுன்னு. எட்டு வரைக்கும் எண்ணிட்டு ஏழு பேரோட போயிட்டாங்க. எங்கம்மா சாகற வரைக்கும் கேட்ட கேள்வி அது ஒண்ணுதான். கூட்டிட்டுப் போகாதவளை எதுக்கு எண்ணினா?"

பட்டாணி ஒன்று தரையில் உருண்டு போனது. செலினா என்னையே பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

நான் சுலபமாக ஏமாறுகிறவன் இல்லை. பர்னெல் வீட்டார் இரண்டிலிருந்து எண்ணுவது ஊர் முழுக்கத் தெரிந்த கிண்டல். கேஸ்கின் அதைச் சொல்லி, அதற்குத் தோதாக ஒரு கதையைத் தைத்து அனுப்பியிருந்தால்? இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கியிருந்தது. சொல்லிக்கொடுத்து வந்தவளானால் இந்த இடத்தில் வாய் திறந்துவிடுவாள்.

"எங்க வீட்லயும் அம்மா அப்படித்தான் தொட்டு எண்ணுவாங்க" என்றேன். "ஒண்ணுன்னு என் தலையைத்தான் முதல்ல தொடுவாங்க. மூத்தவன் நான்."

"அப்பா!" என்றாள் செலினா.

லவினியா எதிர்த்துப் பேசவில்லை. "பொய், நீங்கள் இரண்டில்தான் தொடங்குவீர்கள்" என்று சொல்லவில்லை. முகம் மட்டும் மெல்ல இறங்கியது, மேல்வீட்டு விளக்கு ஒவ்வொன்றாக அணைவதுபோல. பிறகு தலையசைத்தாள்.

"அப்படின்னா அந்த இடத்தை உங்களுக்குக் குடுத்துட்டாங்க. சரிதான். ஆளில்லாத இடத்தை எத்தனை வருஷம் காலியா வெச்சிருக்க முடியும்." கையுறையை எடுத்தாள். "சாப்பாடு நல்லா இருந்துச்சும்மா. தபால் வண்டி திரும்பி எத்தனை மணிக்கு வரும்?"

அம்மாவின் சோதனை முதல் முறையாகப் பொய் சொன்னவரைப் பிடித்தது. பிடிபட்டது நான்.

நான் பின்கதவு வழியாக இறங்கித் தொழுவத்துக்குப் போனேன். குதிரைகள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பின. அங்கே நின்றபடி, அதுவரை நான் யோசிக்காத இரண்டு விஷயங்களை யோசித்தேன்.

ஒன்று பத்திரிகை. தெற்கே அடிமைமுறையை ஒழித்த போர் முடிந்த பிறகு எங்கள் சபைப் பத்திரிகையில் வாராவாரம் 'தகவல் தேவை' என்று ஒரு பக்கம் வரும். விற்கப்பட்டுப் பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கொடுக்கும் அறிவிப்புகள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்தான் படித்துக் காட்டுவேன். ஊரார் துக்கத்தைக் கேட்க அம்மாவுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று நினைப்பேன். எனக்குப் பதினைந்து வயது. நீளமான அறிவிப்புகளைத் தாண்டிவிட்டுச் சின்னதை மட்டும் படிப்பேன். "அவ்வளவுதானா?" என்பார் அம்மா. "அவ்வளவுதான்" என்பேன். ரோடா என்ற பெயர் நான் தாண்டிய வரிகளில் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. இதை நான் லவினியாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். போதும்.

இரண்டாவது, கல். சபையில் அம்மா எழுந்து நின்று சொன்னது என்ன? "வழியில நான் யாரையும் விட்டதில்ல." ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சொல்வார். 'வழியில' என்று ஒரு கணம் நிறுத்தி, பிறகுதான் மற்றதைச் சொல்வார். கல்லின் அகலத்துக்கு வரி நீளமாக இருந்தது. ஒரு சொல்லை எடுத்தால் அடங்கும் என்று கல்தச்சர் சொன்னார். நான் 'வழியில்' என்பதை எடுத்தேன். வேண்டாத சொல் என்று எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

அம்மா பொய் சொல்லவில்லை. தன் மூத்த மகளை மறைத்தார், ஆனால் ஒரு சொல்லை வைத்து உண்மையையும் காப்பாற்றிக்கொண்டார். நான் அந்தச் சொல்லை எடுத்து, அவரைக் கல்லில் பொய் சொல்ல வைத்துவிட்டேன். குடும்ப மானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு.

திரும்பி வந்தபோது லவினியா பெட்டியோடு வாசலில் நின்றிருந்தாள். செலினா கதவுக்குக் குறுக்கே கை வைத்து நின்றிருந்தாள்.

"நான் எதையும் சொல்லல" என்றாள் என்னிடம். "நீங்க சொன்ன பொய். நீங்களே அவிழ்த்துக்குங்க."

அடுத்து நான் சொன்னதைப் போன்ற ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் சொன்னதில்லை.

"மிசஸ் டாஷீல், நான் சொன்னது பொய். எங்க அம்மா என் தலையை முதல்ல தொட்டாலும் 'ரெண்டு'ன்னுதான் சொல்வாங்க. யாரைத் தொட்டாலும் ரெண்டுதான். சாகற வரைக்கும் ஒண்ணுன்னு யாரையும் சொன்னதில்ல. இந்த வீட்ல இன்னைக்கும் யாரும் சொல்றதில்ல."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். வைக்கவில்லை, அது கையிலிருந்து நழுவியது. கயிறு அறுந்தது. துணிகளை செலினாதான் பொறுக்கினாள்.

திங்கட்கிழமை காலை கல்தச்சர் மக்ரேயை டவுனிலிருந்து அழைத்து வந்தேன். சபைக் கொட்டகையில் துணி போர்த்தி நின்ற கல்லைத் திறந்து, கடைசி வரியைச் செதுக்கி எடுக்கச் சொன்னேன். எடுத்த பள்ளத்தில் புது வரியைச் சின்ன எழுத்தில் வெட்டச் சொன்னேன். உளிச் சத்தம் கேட்டுப் பாதி ஊர் வந்துவிட்டது. சிஸ்டர் கேஸ்கின் குடையோடு முன்னால் நின்றாள்.

"என்ன பிரதர் பர்னெல், நாளைக்குத் திறப்பு, இன்னைக்கு அழிப்பா? உங்கம்மா யாரையாவது விட்டுட்டு வந்துட்டாங்களா என்ன?"

சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். ஒரு வார்த்தையில் அவள் வாயை மூடியிருக்கலாம். எழுத்துப்பிழை என்றிருக்கலாம். மக்ரேகூட தலைநிமிர்ந்து, அந்தப் பழியைத் தான் ஏற்றுக்கொள்வதுபோல என்னைப் பார்த்தார்.

"ஆமா" என்றேன். "எங்க அக்காவை. வழியில இல்ல, வீட்ல. மூணு வயசு, கக்குவான். அதைத் தேடித்தான் அஞ்சு தடவை போனாங்க. உங்க மாமியாரோட அண்ணன் ஐசக்கு நாலாவது தடவை அவங்க கூட வந்தவர். எங்க அக்கா அங்க கிடைச்சிருந்தா நாலாவது தடவை போயிருக்கமாட்டாங்க, அஞ்சாவது போயிருக்கமாட்டாங்க. அந்த ரெண்டு தடவை வந்தவங்க பேரன் பேத்திங்க இங்க யாரெல்லாம் நிக்கிறீங்கன்னு நீங்களே பாத்துக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் கேஸ்கின் குடையை மடக்கினாள். போகும்போது, "உங்க வீட்டுக்கு வந்திருக்கறது அந்த அக்கா பொண்ணுதானா? ஒரு ஆப்பிள் பை சுட்டு அனுப்பறேன்" என்றாள். அனுப்பினாள். சர்க்கரை குறைவு.

"வழியில் ஒருவரையும் விட்டதில்லை" என்ற அந்தப் புது வரி இப்போது கல்லில் ஒரு விரல் ஆழத்தில் இருக்கிறது. மழை பெய்தால் அதில் மட்டும் தண்ணீர் தேங்கும். புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, விடுதலை நாள். வண்டியில் குதிரை பூட்டியாயிற்று. ஆப்பிள் பை, கோழி, தர்பூசணி எல்லாம் ஏற்றியாயிற்று. பேரப்பிள்ளைகள், செலினா, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். லவினியா கடைசியில் வந்து நின்றாள்.

"மாமா, கை குடுங்க. படி உயரமா இருக்கு."

பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் கை கொடுத்து அவளை முன்பலகையில் உட்காரவைத்தேன்.

பிறகு எண்ண வேண்டும். வண்டி கிளம்புமுன் வீட்டுக்கு மூத்தவர் எண்ணுவது முறை. என் கை அந்தச் சாம்பல் நிறத் தொப்பிமேல் போய் நின்றது. எல்லாரும் வழக்கமான சொல்லுக்குக் காத்திருந்தார்கள். எழுபது வருடம் இந்த வீட்டில் எந்தத் தலையைத் தொட்டும் சொல்லாத சொல் அவ்வளவு லேசாக வெளியே வராது.

"ஒண்ணு" என்றேன்.

"தாத்தா, தப்பு!" என்று பின்னாலிருந்து கத்தினாள் என் கடைசிப் பேத்தி டெல்லா. "ரெண்டுலேருந்து எண்ணணும்!"

"வாயை மூடிட்டு நேரா உக்காரு. எனக்கு எண்ணத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தலையைத் தொட்டேன்.